மவுஸை நம்பிய மெனு: கடலூர், சிதம்பரம் வாசகரும் பழைய உலாவிகளும்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30இல் இரண்டாகப் பிரிந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதிக்குத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயரிட்டார்கள். எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பொதுமக்களை இணையத்துக்குள் இழுத்த மொசைக் உலாவியும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. இது தற்செயல்தான். ஆயினும் இணையதள மெனுவின் வரலாற்றை ஒரு மாவட்டத்து வாசகரின் பக்கமிருந்து எழுத முற்படுபவருக்கு வசதியான தொடக்கம். இவ்வரலாறு பெரும்பாலும் வடிவமைப்பவரின் கணினியிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே எப்போதும் புதிய உலாவிதான் இருக்கும். கடலூர் பிரவுசிங் சென்டரில் இருந்தது பழையது. அங்கிருந்து பார்த்தால், தமிழ் வாசகருக்கு மெனு முதலில் தடைப்பட்டது உலாவியால் அல்ல, எழுத்துருவால் என்பது புலப்படும்.

அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. சிறு நகரங்களுக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. அப்போதைய விண்டோஸ் 95, 98 கணினிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீட்டு முறைகள் முன்வைக்கப்பட்ட பின்னும் குழப்பம் உடனே தீரவில்லை. பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வழி ஒன்று இருந்தது. ஆனால் நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு கோப்பு தேவைப்பட்டது.

இதற்கெல்லாம் குறுக்குவழியாக வந்ததுதான் பட மெனு. ‘முகப்பு’, ‘செய்திகள்’, ‘தொடர்புக்கு’ என்று எழுதிய சிறு படங்களை வரிசையாக அடுக்கிவிட்டால் எந்த உலாவியிலும் தமிழ் தெரியும். ஆனால் படத்துக்குரிய மாற்று உரையை எழுதாமல் விட்டால், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அந்த இணைப்பின் கோப்புப் பெயரைத்தான் வாசிக்கும். தொலைபேசி வழி இணைப்பின் வேகம் தாளாமல் படங்களை நிறுத்திவைத்தவருக்கு வெற்றுக் கட்டங்களே மிஞ்சும். மாற்று உரையைத் தமிழில் எழுதினாலும் பயனில்லை. தளத்துக்கே உரிய எழுத்துருவில் அது அடிக்கப்பட்டிருந்தால் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகவே ஒலிக்கும். பார்வைத்திறன் குறைந்த தமிழருக்கு அந்தக் காலத்துத் தமிழ் இணையம் ஏறத்தாழ ஊமையாக இருந்தது என்பது மிகையல்ல.

யூனிகோடு தரத்தில் தமிழ் 1991 முதலே இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியிலும் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டும். அதற்கு நிறுவல் சிடி கேட்கும். கடைக் கணினிக்கு அந்த சிடியைத் தேடியெடுத்துப் போடுபவர் யார்? கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழைப் பார்த்துவிட்டு ஆங்கிலப் பக்கத்துக்குப் போவதே பலருக்கும் வழக்கமாயிற்று. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி.

இதே காலத்தில் மேலைநாட்டு வடிவமைப்பாளர்கள் கீழ்விரி மெனுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4க்கும் எக்ஸ்ப்ளோரர் 4க்கும் தனித்தனி நிரல் எழுதவேண்டியிருந்தது. 2003 நவம்பரில் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் பேட்ரிக் கிரிஃபித்ஸ், டான் வெப் இருவரும் ‘சக்கர்ஃபிஷ்’ என்ற முறையை வெளியிட்டார்கள். மெனுவை ஒரு சாதாரண எச்.டி.எம்.எல். பட்டியலாக எழுதி, மவுஸ் மேலே வரும்போது உள்பட்டியல் விரியும்படி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் சொல்லிவிடுவதே அதன் சாரம். எக்ஸ்ப்ளோரர் 6, மவுஸ் மேலே வருவதை இணைப்புகளில் மட்டுமே உணரும்; பட்டியல் உருப்படிகளில் உணராது. அதற்காகப் பத்துப் பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் சேர்க்கப்பட்டது. மறைந்திருக்கும் உள்பட்டியலை அடியோடு நீக்கிவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்கும் அது இல்லாமல் போகும். ஆகவே அடுத்து வந்த திருத்தத்தில் அதைத் திரையின் இடப்பக்கம் வெகுதூரம் தள்ளிவைத்தார்கள். டேப் விசையால் நகர்பவருக்கு விரியச் செய்வது இன்னொரு தொல்லை: எக்ஸ்ப்ளோரர் 7 வரை, டேப் வந்து நிற்கும் இடத்தை, அதாவது குவியத்தைக் குறிக்கும் சி.எஸ்.எஸ். விதியே வேலை செய்யாது.

என் பார்வையில் இம்முறையின் நிலைத்த பயன் அந்த விரிப்பு அல்ல, அடியிலிருந்த பட்டியல்தான். சி.எஸ்.எஸ். முழுதும் தோற்றாலும் இணைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். 2017 முதல் வந்த உலாவிகளில், உள்ளே குவியம் வந்தால் தாய் உருப்படியை விரிக்கும் விதி கிடைத்திருக்கிறது. அதை மவுஸுக்கான விதியோடு காற்புள்ளியிட்டு ஒன்றாக எழுதினால், புதியதை அறியாத பழைய உலாவி இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடும். தனித்தனியே எழுதவேண்டும். இந்தச் சிறு விவரம் தெரியாமல் எத்தனை மெனுக்கள் செத்தனவோ!

தமிழுக்கு வேறு சில சங்கடங்களும் உண்டு. ‘மாற்றுத்திறனாளிகள் நலத்துறை’ என்பதை ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு வெட்டிய பொத்தானில் அடைத்தால் இரண்டாம் வரிக்கு வழிந்து அடுத்த இணைப்பை மறைக்கும். வரி உயரத்தைக் குறைத்தால் இகர, உகரக் குறிகள் நறுக்கப்படும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே தடுமாறும்.

விதிகள் தாமதமாகவே வந்தன. உலகளாவிய அணுகல் நெறிகள் 1999 மே மாதமும், திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரிலும் வெளியாயின. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்குச் சட்டவலு சேர்த்தது. பின்னர் தேசியத் தகவலியல் மையத்தின் ‘எஸ்3வாஸ்’ என்ற பொதுச் சட்டகத்துக்கு மாவட்டத் தளங்கள் மாறின. கடலூர் மாவட்டத் தளமும் அதில்தான் இயங்குகிறது. மெனுவைத் தாண்டி நேரே உள்ளடக்கத்துக்குப் போகும் இணைப்பும் எழுத்தளவை மாற்றும் வசதியும் ஒவ்வொரு மாவட்டமும் தனியாகக் கேட்காமலே கிடைத்தன.

கைபேசி வந்தபோது மவுஸே மறைந்தது. பொத்தான் போனில் ஓபரா மினி வழியாகப் பார்த்தவருக்குப் பக்கம் தொலைவிலுள்ள சர்வரில் சுருக்கப்பட்டு வரும். ஜாவாஸ்கிரிப்ட் மெனு விரிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய்த் திரும்பவேண்டும். அவசர வேளையில் இந்தக் காத்திருப்பு ஆபத்தானது. 2004 சுனாமியும் 2011 டிசம்பர் 30இல் கரைகடந்த தானே புயலும் தாக்கிய மாவட்டம் இது. 1077 என்ற பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண்ணை விரியும் மெனுவின் மூன்றாம் அடுக்கில் வைப்பதை எந்த நெறியும் நியாயப்படுத்த முடியாது. இதற்கு நேர்மாறு, மாநிலம் முழுதும் ஒரே காலையில் திறக்கும் பொதுத்தேர்வு முடிவுப் பக்கம்: பதிவெண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் கட்டங்கள், ஒரு பொத்தான். மெனு என்று சொல்ல ஏதுமில்லாததால்தான் பழைய கணினியிலும் அது ஓடியது.

விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. அதற்கும் பழைய உலாவிகள் பலவற்றில் புதிய பாதுகாப்பு நெறிமுறை இல்லாததால் மெனு வரை போகவே வழியில்லை. அந்தக் கதவைத் திறப்பது வடிவமைப்பாளரின் கையில் இல்லை. மெனு அவர் கையில்தான் இருக்கிறது. அதை நம்பியிருப்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு: சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைதூரக் கல்வி நடத்துகிறது. அதன் மாணவர்கள் எங்கெங்கோ எந்தெந்தக் கருவியிலோ இருப்பவர்கள். இவ்வட்டாரத்துக் கணினித் துறைகள் தம் மாணவர்களின் திட்டப்பணியாக ஒன்றைத் தரலாம்: நகராட்சி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கத் தளங்களின் மெனுவை மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும், பழைய உலாவியில், தமிழ் ஸ்கிரீன் ரீடரோடு கடந்து பார்த்து, தடுக்கிய இடங்களை அந்தந்த அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கட்டும்.