அமிலப் பிரித்தெடுப்பில் அகச்சிவப்பு நிறமாலையியல்

நீரில் கரைந்திருக்கும் அமிலம் கரிமக் கரைப்பானுக்குள் சென்றபின் எந்த வடிவில் தங்குகிறது என்பதை அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அறியும் முறை. தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்குரிய முதன்மையான இடம் கல்பாக்கம்.

அகச்சிவப்புக் கதிர்களை வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் கண்டறிந்தார். பல சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை அமெரிக்கரான கோப்லென்ட்ஸ் 1905-இல் தொகுத்து வெளியிட்டார். அமிலப் பிரித்தெடுப்புக்கு இம்முறை தேவைப்பட்டது அணு எரிபொருள் மறுசுழற்சி வந்த பிறகுதான். 1954-இல் அமெரிக்காவின் சவானா ரிவர் ஆலையில் தொடங்கிய ப்யூரெக்ஸ் முறையில், டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்னும் கரைப்பான் யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் நைட்ரிக் அமிலக் கரைசலிலிருந்து இழுத்துக்கொள்கிறது. கூடவே அமிலத்தையும் இழுக்கிறது.

எவ்வளவு அமிலம் ஏறியது என்பதை டைட்ரேஷனிலேயே கண்டுபிடித்துவிடலாம். அது எப்படி ஒட்டியிருக்கிறது என்பதை டைட்ரேஷன் சொல்லாது. அங்கேதான் நிறமாலை கைகொடுக்கிறது. கரைப்பானின் பாஸ்பரஸ்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 1280 செ.மீ.⁻¹ அருகே ஒளியை உறிஞ்சும். நைட்ரிக் அமிலம் அந்த ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டதும் இப்பட்டை கீழிறங்கும். யுரேனியம் சேர்ந்தால் 1190-ஐ ஒட்டி இன்னும் கீழே போகும். 1650 அருகே எழும் பட்டை, அமிலம் அயனிகளாகப் பிரியாமல் முழு மூலக்கூறாகவே உள்ளே இருப்பதற்குச் சான்று. ஆர்கான் ஆய்வகத்தின் பெப்பர்டும் ஃபெராரோவும் 1960-ஐ ஒட்டி இவ்வமைப்பை இதே வழியில் ஆராய்ந்தனர். அமிலம் குறைவாக இருக்கையில் ஒன்றுக்கு ஒன்றாகவும், மிகும்போது கரைப்பான் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டாகவும் சேர்வது இன்று ஏற்கப்பட்ட கருத்து.

செய்முறையில் தொல்லை தந்தது தண்ணீர்தான். அது அகச்சிவப்பைப் பலமாக உறிஞ்சும். வழக்கமான உப்புச் சாளரங்களையும் கரைத்துவிடும். வைரப் படிகத்தின் மேல் ஒரு துளி வைத்து அளக்கும் ஏ.டி.ஆர். முறை இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தது.

கல்பாக்கத்தில் 1971-இல் தொடங்கிய உலை ஆராய்ச்சி மையம், 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையின் எரிபொருளில் புளுட்டோனியம் மிக அதிகம். உலோகமும் அமிலமும் அளவுக்கு மீறி ஏறினால் கரிம அடுக்கே இரண்டாகப் பிளந்து ‘மூன்றாம் அடுக்கு’ உருவாகும்; கனமான அடுக்கில் புளுட்டோனியம் திரள்வது பெரும் ஆபத்து. ஆகவே இங்குள்ள வேதியியலாளர்கள் நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட டிரை-ஐசோஅமைல் பாஸ்பேட்டை மாற்றாக விரிவாக ஆராய்ந்தனர். அதில் மூன்றாம் அடுக்கு எளிதில் உருவாவதில்லை. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் இத்தகைய ஆய்வுகளில், பிரித்தெடுப்பு அளவுகளோடு நிறமாலைச் சான்றையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

வேக ஈனுலை எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ‘கோரல்’ கூடம் கல்பாக்கத்தில் 2003 முதல் இயங்குகிறது. அதைவிடப் பெரிய செயல்விளக்க ஆலை 2024 ஜனவரி 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.