பூண்டுக்கும் குறியீடு, பின்கோடுக்கும் குறியீடு, விலைவாசிக்கும் குறியீடு! 'இன்டெக்ஸ்' என்றால் என்ன? கொடைக்கானல் உதாரணங்களுடன் விளக்கம்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 'புவிசார் குறியீடு' கிடைத்தது என்று செய்தி வருகிறது. விலைவாசி 'குறியீட்டு எண்' உயர்ந்தது என்றும் செய்தி வருகிறது. கடிதத்தில் எழுதும் பின்கோடும் 'அஞ்சல் குறியீட்டு எண்'தான். மூன்று இடத்திலும் அதே குறியீடுதான். ஆனா, மூன்றும் செய்யும் வேலை வேற வேற. ஒன்றை இன்னொன்றாகப் புரிந்துகொண்டால் காசு நஷ்டம்கூட வரலாம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சொல் எங்கிருந்து வந்தது?

'இன்டெக்ஸ்' என்பது லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல் என்று பொருள். புவிசார் குறியீட்டை ஆங்கிலத்தில் 'ஜியாகிரஃபிகல் இன்டிகேஷன்' என்கிறார்கள். இந்த 'இன்டிகேஷன்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். அதனால் தமிழில் எல்லாவற்றுக்கும் 'குறியீடு' என்று போடுவது தவறு இல்லை. எதைச் சுட்டுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பின்கோடு: இடத்தைச் சுட்டுவது

'பின்' என்பதன் விரிவே 'போஸ்டல் இன்டெக்ஸ் நம்பர்'. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் அறிமுகமானது. ஏடிஎம் 'பின்' வேறு, அது ரகசிய எண்.

கொடைக்கானலின் பின்கோடு 624101. முதல் எண் 6, தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென் மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று எண்கள் 624, திண்டுக்கல் பகுதிக்கானது. கடைசி மூன்று எண்கள் கடிதத்தை வினியோகிக்கும் தபால் அலுவலகத்துக்கானவை. பழனிக்கு 624601. 601 என்பது 101-ஐ விடப் பெரிய எண் என்பதால் பழனி பெரிய ஊர் என்று அர்த்தம் கிடையாது. இந்த எண் எதையும் அளக்காது, வழி மட்டும் காட்டும்.

புவிசார் குறியீடு: பெயருக்கான உரிமை

1999-ல் இயற்றப்பட்ட சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பழனி மலைப் பகுதியில் விருப்பாச்சி மலைவாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, பழனி பஞ்சாமிர்தம் ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. பூண்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் கிடைத்தது. பஞ்சாமிர்தத்தில் சேரும் விருப்பாச்சி வாழைக்கே தனிக் குறியீடு இருப்பது சுவாரசியம்.

பலரும் குழம்புவது இங்கேதான். புவிசார் குறியீடு என்பது மதிப்பெண் இல்லை. ஆர்கானிக் சான்றும் இல்லை. நல்ல விலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 'இந்தப் பொருளின் தனித்தன்மைக்கு இந்த மண்ணும் காலநிலையும் காரணம், அதனால் இந்தப் பெயர் இந்தப் பகுதிக்காரர்களுக்கே' என்ற சட்ட உரிமை அது.

மன்னவனூர், பூம்பாறை போன்ற மேல்மலைக் கிராமங்களில் விளையும் பூண்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும். வேறு மாநிலத்துப் பூண்டை மூட்டையில் கட்டி, 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று எழுதி விற்றால் சட்டப்படி குற்றம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதோடு, விவசாயிகள் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தனியாகவும் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவருக்குத்தான் அந்தக் குறியீட்டைத் தன் சரக்கில் பயன்படுத்தும் உரிமை முழுமையாகக் கிடைக்கும். ஊருக்குக் கிடைச்சிடுச்சு, நமக்கும் கிடைச்ச மாதிரிதான் என்று இருந்துவிடக் கூடாது.

விலைக் குறியீட்டு எண்: ஒப்பிட்டு அளப்பது

இது அளவுகோல். ஒரு ஆண்டை அடிப்படையாக வைத்து, அப்போதைய விலையை 100 என்று கொள்வார்கள். இன்று எண் 150 என்றால், அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய அதே பொருட்களுக்கு இன்று 150 ரூபாய் ஆகும்.

இதில் அடிப்படை ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் 2020 ஆகஸ்டில் 338 ஆக இருந்தது. செப்டம்பரில் 118.1 ஆனது. விலைவாசி சரிந்துவிட்டதா? இல்லை. அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான். புதிய எண்ணை 2.88-ஆல் பெருக்கினால் பழைய கணக்குக்கு வந்துவிடும்.

அதேபோல 140-லிருந்து 150 ஆனால் உயர்வு 10 புள்ளி. சதவீதத்தில் சொன்னால் சுமார் 7.1 தான்.

'இன்டெக்சேஷன்' என்றால்?

சம்பளம், வரி போன்றவற்றை விலைவாசி எண்ணோடு கட்டிவிடுவதுதான் இது. விலை ஏறினால் அகவிலைப்படி ஏறுவது இதனால்தான்.

சொத்து விற்பவர்களுக்கும் இது முக்கியம். கொடைக்கானலில் ஒருவர் 2001-02-ல் ரூ.2 லட்சத்துக்கு வீட்டுமனை வாங்கி, 2024 டிசம்பரில் விற்றதாக வைத்துக்கொள்வோம். வருமான வரிக்கான விலையேற்றக் குறியீட்டு எண் 2001-02-ல் 100, 2024-25-ல் 363. எனவே வாங்கிய விலை ரூ.7.26 லட்சமாகக் கணக்கிடப்படும்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்தை அதன் பிறகு விற்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு கணக்கில் குறைவான வரியைக் கட்டலாம். ஒன்று இன்டெக்சேஷனுடன் 20%, மற்றொன்று அது இல்லாமல் 12.5%.

* ரூ.12 லட்சத்துக்கு விற்றால்: இன்டெக்சேஷனுடன் வரி ரூ.94,800, இல்லாமல் ரூ.1.25 லட்சம்.
* ரூ.20 லட்சத்துக்கு விற்றால்: இன்டெக்சேஷனுடன் ரூ.2,54,800, இல்லாமல் ரூ.2.25 லட்சம்.

(செஸ், சர்சார்ஜ் தனி.) அதாவது, மனை விலை ரொம்ப ஏறியிருந்தால் 12.5% லாபம். ஓரளவுக்கே ஏறியிருந்தால் இன்டெக்சேஷன் லாபம். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புத்தகத்திலும் கூகுளிலும்?

புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியலுக்குச் சொல்லடைவு, பொருளடைவு என்று பெயர். முன்னால் வரும் பொருளடக்கம் வேறு. கூகுள் செய்வதும் இதே வேலைதான். ஹோம்ஸ்டே நடத்துபவர் இணையதளம் தொடங்கினால் மட்டும் போதாது, கூகுள் அதைத் தன் அடைவில் சேர்த்தால்தான் தேடுபவர் கண்ணில் படும்.

நினைவில் வைக்க வேண்டியது

அடுத்த முறை 'குறியீடு' என்று படித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இடத்தைக் காட்டுகிறதா, உரிமையைச் சொல்கிறதா, அளவை ஒப்பிடுகிறதா? அளவு என்றால், அடிப்படை ஆண்டு எது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.