நடுகல்லின் கடைசி வரி: ஓசூர்ச் சாலையின் மெட்ரோ நிலையங்களும் பெயர்பொறிப்பும்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 16 நிலையங்களைக் கொண்ட அத்தடம் ஓசூர்ச் சாலையை ஒட்டி வந்து, தமிழக எல்லைக்கு முன்னரே பொம்மசந்திராவில் நின்றுவிடுகிறது. ஓசூர் நீட்டிப்பைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மின்னமைப்பைச் சுற்றியே நிகழ்கிறது: பெங்களூருவில் 750 வோல்ட் நேர்மின்சாரம், சென்னை மெட்ரோவில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். நிலையங்கள் எவர் பெயரைத் தாங்குகின்றன என்பது கவனம் பெறவில்லை. இச்சாலையின் கலை வரலாற்றுக்கு அதுவே முதன்மையான வினா எனலாம்.

இப்பகுதியில் வழியோரக் கலைக்குத் தொன்மையான சான்று நடுகல். அது போக்குவரத்திற்காக நடப்பட்டதன்று. வீரன் நினைவாக எழுப்பப்பட்டது. எனினும் வழிச்செல்வோர் அதன் எழுத்தைக் காண்பதை அகநானூறு குறிப்பிடுவதால் ஒப்பீடு பொருந்தாததன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து வட்டெழுத்து நடுகற்களின் வாசக அமைப்பு நோக்கத்தக்கது. முதலில் அரசனின் ஆட்சியாண்டு. அடுத்து அவனுக்குட்பட்ட தலைவன். பின்னரே ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ பட்ட வீரன். அதிகாரத்தின் பெயர் முந்துகிறது. ஆனால் கல் நிற்பது கடைசியில் வரும் பெயருக்காக. மொழி எல்லையைக் கடந்தும் இவ்வியல்பு தொடர்கிறது. ஓசூர்ச் சாலைக்கு அருகிலுள்ள பேகூரின் பழங்கன்னடக் கல்வெட்டு (9ஆம் நூற்றாண்டின் இறுதி), நாகத்தரனைச் சார்ந்த புட்டணசெட்டி பெங்களூர்ப் போரில் மாண்டதைக் கூறுகிறது. பெங்களூரு என்ற ஊர்ப்பெயருக்கு நாமறிந்த மிகப் பழைய சான்றும் அதுவே. ஒரு மாநகரின் பெயர் ஒருவனது சாவுக் குறிப்பில் தங்கியிருக்கிறது!

மஞ்சள் தடத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோனப்பன அக்ரஹாரா, பயோகான் ஹெப்பகோடி, டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா என நிலையப் பெயர்கள் அமைந்துள்ளன. நிதியளித்தோர் பெயரை முன்னிறுத்துவதைப் புதுமை என்றோ வீழ்ச்சி என்றோ கருத இயலாது. நடுகல்லும் தலைவனையே முன்வைத்தது. வேறுபாடு வாசகத்தின் முடிவில் உள்ளது: அங்குக் கடைசி வரி இல்லை.

நகரின் மறுகோடியில், பீன்யா தொழிற்பகுதியின் மெட்ரோ நிலையத்தில், சிருஷ்டி கலைக் கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் ‘ஆர்ட் இன் ட்ரான்ஸிட்’ திட்டத்தின்கீழ்ச் சுவரோவியங்களை அமைத்தனர். ஆலைகள் சூழ்ந்த நிலையம் ஒன்றைக் கலைக்களமாகத் தேர்ந்தது குறிப்பிடத்தக்க முடிவு. ஆயினும் சுவரோவியம் ஒரு தொழிலாளியின் முகத்தைக் காட்டவல்லதே தவிர, தானாக அவரது பெயரைச் சொல்லாது. நடுகல்லில் உருவம் பெரும்பாலும் பொதுமைப்பட்டது. வில்லோ வாளோ ஏந்திய அவ்வுருவம் எந்த வீரனுக்கும் பொருந்தும். அவனைத் தனியொருவனாக்குவது எழுத்தே.