பிஎஸ்பிக்கு வித்தை, டிஎஸ்ஸுக்குக் கார்ட்

நின்டெண்டோ டிஎஸ் 2004 நவம்பர் 21இல் அமெரிக்காவில் வந்தது. சொனியின் பிஎஸ்பி மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 12இல், ஜப்பானில் வந்தது. விற்பனையில் டிஎஸ் 15 கோடியைத் தாண்டியது, பிஎஸ்பி ஏறக்குறைய 8 கோடியில் நின்றது. இரண்டையும் ஒப்பிடுபவர்கள் வழக்கமாக இந்தக் கணக்கோடு முடித்துக்கொள்வார்கள். எனக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. கம்பனி அனுமதிக்காத மென்பொருளை, அதாவது யாரோ ஒருவர் வீட்டிலிருந்து எழுதிய ‘ஹோம்பிரூ’ எனும் சிறு செயலிகளையும் பழைய கருவிகளாக வேடம் போடும் எமுலேட்டர்களையும், இந்த இரண்டில் எது நன்றாக ஏற்றுக்கொண்டது? கண்டி போன்ற ஒரு மலைநாட்டு நகரத்தில் எது பயன்பட்டது?

இங்கே எமுலேட்டர் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் வளர்ந்த பலருக்கு முதல் வீடியோ கேம் ‘டீவி கேம்’தான். நின்டெண்டோவின் ஃபெமிகொம் கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல் அது. அதனுள் செருகும் மஞ்சள் கார்ட்ரிட்ஜில் ஒரே விளையாட்டு நூறு பெயரில் இருக்கும். ‘கொன்ட்ரா’வை அதில் ஆடித் தீர்த்த கைகள், பிறகு கைக்குள் அடங்கும் கருவி ஒன்று கிடைத்ததும் முதலில் தேடியது அதே ‘கொன்ட்ரா’வைத்தான். போலியில் ஆடியதன் நினைவுக்காக அசல் கருவி ஒன்றைப் பூட்டுடைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

பூட்டைத் திறந்த விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. ஜப்பானில் முதலில் விற்ற பிஎஸ்பியின் 1.00 ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்கும் உள் மென்பொருள், ஒரு செயலியில் சொனியின் கையொப்பம் இருக்கிறதா என்றே பார்க்கவில்லை. 1.50 பார்த்தது. ஆனால் மெமரி ஸ்டிக்கில் இரண்டு ஃபோல்டர்களை ஒரு குறிப்பிட்ட விதமாகப் பெயரிட்டு வைத்தால் ஏமாந்துபோனது. 2.00 அந்த ஓட்டையை அடைத்தது. உடனே ஒரு டிஃப் படத்தைத் திறக்க வைத்து உள்ளே புகுந்தார்கள். அடுத்து ‘லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்’ விளையாட்டின் சேவ் கோப்பு வழி கொடுத்தது. சொனி ஓட்டை அடைக்க, இவர்கள் அடுத்த ஓட்டையைத் தேட, ஆண்டுக்கணக்கில் இப்படியே போனது. 2007 ஓகஸ்டில் வந்த ‘பண்டோரா’ பற்றரிதான் இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது. பற்றரிக்குள் இருக்கும் சிறு சிப்பில் தொடர் இலக்கம் முழுவதையும் ‘எஃப்’ என்று மாற்றி எழுதினால், பிஎஸ்பி தன்னைத் திருத்துமிடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெமரி ஸ்டிக்கிலிருந்தே இயங்கத் தொடங்கும். செத்துப்போன, ‘பிரிக்’ ஆன கருவியும் அதனால் உயிர் பெறும். டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயர்க்காரரின் கஸ்டம் ஃபர்ம்வேர்கள் உலகமெங்கும் பரவியதற்கு இந்த வழியும் ஒரு காரணம்.

டிஎஸ்ஸின் கதையில் இவ்வளவு சுவை இல்லை. அசல் கார்ட்ரிட்ஜ் ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே போகும் ‘பாஸ்மீ’ போன்ற கருவிகள் தொடக்கத்தில் இருந்தன. பிறகு நின்டெண்டோவின் மறையீடு உடைந்தது. ஆர்4 என்ற கார்ட் வந்தது. மைக்ரோ எஸ்டியில் கோப்பைப் போடு, கார்டைச் செருகு, மின்விசையைத் தட்டு, அவ்வளவுதான். கருவியின் உள்ளே எதுவும் மாறாது, எனவே பிரிக் ஆகும் பயமும் கிட்டத்தட்ட இல்லை.

பிஎஸ்பிக்கு வேண்டியது யூஎஸ்பி கேபிளும் பொறுமையும், விஷயம் தெரிந்த ஒரு கூட்டாளியும். டிஎஸ்ஸுக்கு வேண்டியது கடல் தாண்டி வர வேண்டிய ஒரு பொருள். கண்டியில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. வித்தை ஒருவருக்குத் தெரிந்தால் போதும், கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரை கைமாறிக்கொண்டு போகும். கார்ட் அப்படிப் பெருகாது. அதோடு ஆர்4க்கே போலிகள் வந்தன. சிலவற்றின் மென்பொருளில் ஒரு திகதி ஒளிந்திருக்கும். அந்தத் திகதி தாண்டினால் கார்ட் மெனுவைத் திறக்காது. டிஎஸ்ஸின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. கள்ளச் சாவியை விற்றவனே அதற்குள் இன்னொரு பூட்டைப் போட்ட கதை இது. 2009 பெப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஜப்பானில் ஆர்4 இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. விற்க ஒரு பொருள் இருந்ததால்தான் அப்படித் தடுக்க முடிந்தது. சேவ் கோப்பை எந்தத் துறைமுகத்தில் மறிப்பது?

ஆனால் பிஎஸ்பி வழியில் ஆபத்து அதிகம். ஃபர்ம்வேர் மாற்றும் நடுவில் கரண்ட் போனால் கருவி கல்லாகிவிடும். அதனால்தான் சொனியின் அதிகாரபூர்வ அப்டேட்கூட, சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பற்றரியும் நிறைந்திருக்க வேண்டும் என்று இரண்டையும் கேட்கும். நம் ஊரில் அந்த நிபந்தனையை வீண் கெடுபிடி என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது டிஎஸ் லைட்டின் பக்கம்தான் வெற்றி. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் 15 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்பது நின்டெண்டோவின் கணக்கு. ஆர்4 போன்ற ஃப்ளாஷ் கார்ட் போட்டால் அது கொஞ்சம் குறையும். பிஎஸ்பியோ விளையாடினால் ஐந்தாறு மணியில் கண்ணை மூடும்.

எமுலேட்டர் என்று வந்தால் போட்டியே இல்லை. பிஎஸ்பியின் மிப்ஸ் புரொசெசர் 333 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. சொனி அதை விளையாட்டுகளுக்கு 222இல் கட்டிவைத்து, 2007இல்தான் அவிழ்த்துவிட்டது. வீட்டிலிருந்து எழுதியவர்கள் அதற்கு முன்பே முழு வேகத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜிபிஎஸ்பி என்ற எமுலேட்டரில் கேம்போய் அட்வான்ஸ் விளையாட்டுகள் தாராளமாக ஓடின. டிஎஸ்ஸிடம் இருந்தது 67 மெகாஹேர்ட்ஸ் ஆர்ம் புரொசெசரும் 4 மெகாபைட் நினைவகமும். திரையில் 192 வரிதான். ‘கொன்ட்ரா’வின் படத்துக்கு 240 வரி வேண்டும் என்பதால் அமுக்கியோ வெட்டியோதான் காட்டும். ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்: டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் கேம்போய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கென்றே தனித் துவாரம் உண்டு. அங்கே நடிப்பு இல்லை, வன்பொருளே அசல்.

விளையாட்டை விட்டு வாசிப்புக்கு வந்தால் பிஎஸ்பி எனக்கு இன்னும் நெருக்கமாகிறது. இரண்டு கருவிகளின் மெனுவிலும் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆனால் ‘புக்கர்’ என்ற ஹோம்பிரூ செயலி பிஎஸ்பியில் பிடிஎஃப் திறந்தது. எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே இருப்பதால் கருவிக்குத் தமிழ் தெரியவேண்டிய அவசியமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைப் பிடிஎஃபாகத் தந்துகொண்டிருந்த காலம் அது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் 480 புள்ளி உயரத்தில் ஒரு பக்கம் வரும். ஸ்கேன் செய்த கனமான கோப்பாக இருந்தால், முதல் மொடலின் 32 மெகாபைட்டில் பக்கம் திரும்புவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். என்றாலும் தமிழைக் கனவிலும் நினைக்காத ஒரு கம்பனியின் கருவியில் தமிழ்ப் பக்கம் தெரிந்தது. டிஎஸ்ஸில் எழுதுவதும் வரைவதும் நன்றாக வந்தன. தொடுதிரைக்காக உருவான ‘கலர்ஸ்’ என்ற ஓவியச் செயலி ஹோம்பிரூவாகப் பிறந்து, பின்னர் 3டிஎஸ்ஸில் நின்டெண்டோவின் சொந்தக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது. டிஎஸ் தரப்புக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

படிப்பவருக்கும் இரண்டும் பயன்படும். பேராதனையில் கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு மிப்ஸும் ஆர்மும் பாடப்புத்தகத்துப் பெயர்கள். பழைய பிஎஸ்பி ஒன்றையோ டிஎஸ் ஒன்றையோ வாங்கி, தான் எழுதிய பத்து வரி அதில் ஓடுவதைப் பார்ப்பது வேறு மாதிரியான படிப்பு.

சட்டத்தைத் தொடாமல் போக முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய ஒரு கணினி நிரலுக்குக் காப்புப் பிரதி ஒன்று எடுத்துவைக்க உரிமையாளருக்கு இடம் தருகிறது. ஊரெல்லாம் பகிர இடம் தரவில்லை. எமுலேட்டர் ஒரு பக்கம், அதில் ஓடும் விளையாட்டின் நகலான ரொம் கோப்பு மறுபக்கம். இரண்டு கருவிகளின் வரலாற்றிலும் இந்தக் கோட்டை மதித்தவர்கள் குறைவு.

இன்று ‘பிபிஎஸ்எஸ்பிபி’ என்ற எமுலேட்டர் சாதாரண அண்ட்ரொயிட் போனிலேயே பிஎஸ்பியை ஓட்டிவிடுகிறது. அப்படியும் பழைய கருவி ஒன்றைத் தேடிப் போகிறவர் பிஎஸ்பி வாங்குவதென்றால் முதலில் பின்மூடியைக் கழற்றி பற்றரி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். ஃபர்ம்வேர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, 2015இல் வந்த கடைசிப் பதிப்பான 6.61இலும் கஸ்டம் ஃபர்ம்வேர் ஏறும். டிஎஸ் லைட் என்றால் மடிக்கும் கீலில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கூடவே ஆர்4 தருவதாகச் சொன்னால், கருவியின் திகதியை இன்றைய திகதிக்கு மாற்றி, மெனு திறக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.