வானிலையும் காலநிலையும்

வானிலை என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வளிமண்டலம் இருக்கும் நிலையைக் குறிக்கும். வெப்பநிலை, மழை, காற்றின் வேகமும் திசையும், ஈரப்பதம், காற்றழுத்தம், மேகமூட்டம் ஆகியன இதில் அடங்கும். ஓரிடத்தின் வானிலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்து, அப்பதிவுகளிலிருந்து அறியப்படும் பொது இயல்பு காலநிலை எனப்படும். உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுக் காலத்தை அடிப்படையாகக் கொள்கிறது. 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகள் அத்தகைய ஒரு காலப்பகுதியாகும்.

இன்று பள்ளிக்குக் குடை எடுத்துச் செல்ல வேண்டுமா என்பது வானிலை பற்றிய கேள்வி. கேரளத்தின் பழைய வீடுகளுக்கு ஏன் சரிவான ஓட்டுக் கூரை அமைத்தார்கள் என்பது காலநிலை பற்றிய கேள்வி.

பேச்சு வழக்கிலும் செய்தித்தாள்களிலும் 'தட்பவெப்பநிலை' என்ற சொல் இவ்விரு பொருளிலும் ஆளப்படுகிறது. மாணவர்களின் குழப்பத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மழையை அளத்தல்

நீரை லிட்டரில் அளக்கும் நாம் மழையை மட்டும் ஏன் மில்லிமீட்டரில் அளக்கிறோம்? பெய்த நீர் வழிந்தோடாமலும், நிலத்தில் ஊறாமலும், ஆவியாகாமலும் அப்படியே தேங்கி நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே மழையளவு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீர் விழுந்திருக்கிறது என்று பொருள். இந்தியாவில் ஒரு நாளின் மழையளவு, முதல் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது.

அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய கண்ணாடிக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து மாணவர்களே இதைச் செய்து பார்க்கலாம். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைத்தால் அளவு தவறிவிடும்.

எடுத்துக்காட்டு: சென்னை

சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்வதால் நீராவி மழையாகி, பெரும்பகுதி மலையின் மேற்குப் புறத்திலேயே பொழிந்துவிடுகிறது. கிழக்குக் கரையிலுள்ள சென்னைக்கு, அக்டோபர் முதல் திசம்பர் வரை வங்காள விரிகுடாவிலிருந்து ஈரப்பதத்தைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. ஆண்டுச் சராசரியான ஏறத்தாழ 1400 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் இம்மூன்று மாதங்களில் கிடைக்கிறது. இது சென்னையின் காலநிலை.

ஆனால் 2015 நவம்பர் மாதத்தில் மட்டும் அங்கு 1000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அடுத்த திசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 29 செ.மீ. பெய்து நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 50 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சிறிய மொட்டை மாடியில் மட்டும் அன்று 14,500 லிட்டர் நீர் விழுந்திருக்கும். இதற்கு மாறாக, 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரில் நிகழ்ந்தவை இவை. சராசரி என்பது ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு பெய்யும் என்ற உறுதிமொழி அன்று. சராசரியிலிருந்து மழை எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பதும் காலநிலையின் பகுதியே. ஏரியின் கொள்ளளவையும் வடிகாலின் அகலத்தையும் சராசரியை மட்டும் பார்த்துத் திட்டமிட இயலாது.

காலநிலை மாற்றம்

நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றை எரிப்பதால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்து புவி வெப்பமடைந்து வருகிறது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே கனமழை மேலும் கனத்துப் பெய்ய வாய்ப்பு மிகுகிறது. எனினும், ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்றோ, குளிர் மிகுந்த ஒரு மார்கழிக் காலையைக் காட்டி மாறவில்லை என்றோ முடிவு செய்வது தவறு.

2015ஆம் ஆண்டின் பாரிசு உடன்பாடு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல வேண்டும் என்றது. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை அந்த அளவைத் தாண்டியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஆனால் உடன்பாட்டின் எல்லை பல ஆண்டுச் சராசரிக்கு உரியது. ஓராண்டு தாண்டியதால் மட்டும் அது மீறப்பட்டதாகக் கொள்ளப்படுவதில்லை.