செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? பாகம் வாங்கும் முன் குறியீட்டைப் பாருங்கள்

பால் கேன், காய்கறிக் கூடை, உர மூட்டை என எதையும் ஏற்றிக்கொண்டு ஓடும் பழைய கார் பல தோட்டங்களில் உண்டு. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்ததும் பட்டறையில் சொல்லும் பாகத்தை மாற்றிவிட்டு வருகிறோம். நாலு நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. பணம் போனதுதான் மிச்சம்.

இலை மஞ்சளானதும் யூரியா போடாதீர்கள் என்று உங்களிடம் அடிக்கடி சொல்வோம். தழைச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், வேரில் தண்ணீர் தேங்கியும் இருக்கலாம். கார் காட்டும் குறியீடும் அப்படித்தான். அறிகுறியைச் சொல்லும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பாகம். விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல இழுத்து, ஆயில் விளக்கும் வெப்ப முள்ளும் சரியாக இருந்தால் சந்தைக்குப் போய்வந்து நிதானமாகப் பார்க்கலாம்.

நம் நாட்டில் பிஎஸ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி 2 கட்டாயம். அதற்கு முந்தைய சில மாடல்களிலும் இருக்கும். ஸ்டீயரிங்கிற்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட்டைத் தேடுங்கள். அதில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஆன்லைனில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. செல்போன் செயலியில் குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். குறியீடு பதிவான நேரத்தில் இருந்த வேகம், இன்ஜின் வெப்பம் முதலியவையும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பகுதியில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றினால் இவை அழிந்துபோகலாம்.

அதிகம் ஏமாற வைப்பது பி0171. இன்ஜினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதைத் தெரிவிப்பது ஆக்சிஜன் சென்சார் என்பதால் அதையே மாற்றிவிடுகிறார்கள். சேதி சொன்னவனைத் தண்டிப்பது போல! செயலியில் ‘ஃபியூயல் டிரிம்’ அளவைப் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது, பெரும்பாலும் வெடித்த ரப்பர் குழாய்தான். வேகம் கூட்டும்போது ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காராக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு ஒன்றாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி, குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 என வந்தால் காயில்தான் கெட்டிருக்கிறது. பி0301 ஆகவே இருந்தால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் எனத் தேடலாம். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

பி0420 கன்வெர்ட்டர் திறன் குறைவைச் சொல்கிறது. வாங்க ஓடாதீர்கள். மிஸ்ஃபயர் குறியீடு கூடவே இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் காரில் பி0087 வந்தால், பம்ப்பைக் குறைசொல்லும் முன் டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, ஃபில்டர் மாற்றிப் பல நாளாகிவிட்டதா என யோசியுங்கள்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: எலி. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் காரில் ஒயரைக் கடித்துவிடும். என் காரில் பி0135 வந்தபோது சென்சார் மாற்றச் சொன்னார்கள். பானட்டைத் திறந்து ஒயரைத் தொடர்ந்து போனால் பாதி கடித்த நிலையில் தொங்கியது. ஒயரை இணைத்து டேப் சுற்றியதும் விளக்கு அணைந்தது. எந்தச் சென்சார் குறியீடு வந்தாலும் முதலில் ஃபியூஸ், பிளக், ஒயர் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பழுது நீக்கிய பின் குறியீட்டை அழித்து, சில நாள் காலையில் குளிர்ந்த இன்ஜினிலிருந்து தொடங்கி ஓட்டுங்கள். பிறகு ‘பெண்டிங்’ பகுதியைத் திறந்து பாருங்கள். விளக்கு எரியும் முன்பே அதே குறியீடு அங்கே தெரிந்துவிடும்.