மலிவு விலையும் நேர்க்குழலும்: அமெரிக்க வேட்டை ரைஃபிள்களின் துல்லியம், 1948–2012

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்து அமெரிக்காவில், கடையில் வாங்கிய ரைஃபிளை அப்படியே காட்டுக்கு எடுத்துச் செல்ல விவரம் அறிந்த வேட்டைக்காரர் பலர் தயங்கினர். முதலில் அது துப்பாக்கிக் கம்மியரின் பட்டறைக்குப் போனது. அவர் விசையின் உரசும் முகங்களைத் தேய்த்து இலகுவாக்குவார். மரக்கட்டையில் இரும்பு அமரும் பள்ளத்தைச் சுரண்டிச் சீராக்குவார். குழலை மரம் எங்கே நெருக்குகிறது என்று பார்த்து அங்கே இழைப்பார். இந்தக் கூலியைக் கொடுக்க முடியாதவர் ஆலை தந்ததை வைத்துக்கொண்டு சமாளித்தார். இன்றோ அந்நாட்டுக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் போல்ட் ரைஃபிள்கள் பல, பெட்டியைத் திறந்ததுமே அந்தப் பட்டறை வேலை தந்த துல்லியத்தைத் தருகின்றன.

கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்களே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கதையின் பிற்பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும். அந்த இயந்திரங்கள் பரவுவதற்கு வெகுமுன்பே, செலவைக் குறைக்கவென்று ஆலைகள் செய்த மாற்றங்கள் துல்லியத்தையும் கூட்டத் தொடங்கிவிட்டன. ஒரு வேலையிலிருந்து மனிதக் கையை விலக்கினால் கூலி குறைகிறது. கைக்குக் கை மாறும் அளவும் கூடவே போய்விடுகிறது. மலிவும் துல்லியமும் ஒரே வேரில் முளைத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எதை வைத்து அளக்கிறோம்?

அசையாத தாங்கியில் துப்பாக்கியை வைத்து, 100 கஜத் தொலைவில் (91.44 மீட்டர்) ஒரே குறியைப் பார்த்துச் சிலமுறை சுட்டால் துளைகள் ஒரு கொத்தாக விழும். அந்தக் கொத்தில் ஒன்றுக்கொன்று மிக விலகி நிற்கும் இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமே கணக்கு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு நிமிடக் கோணம், அத்தொலைவில் 1.047 அங்குலம். வேட்டைக்காரர் பேச்சில் அது ஒரு அங்குலம்.

மானின் நெஞ்சு இதைவிடப் பல மடங்கு அகலமானது. இவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். குண்டு விழும் இடத்தைத் துப்பாக்கி மட்டும் முடிவு செய்வதில்லை. சுடுபவரின் மூச்சு, பக்கக்காற்று, தொலைவை மதிப்பிடுவதில் வரும் பிழை எல்லாம் அதில் சேர்கின்றன. இவை கூடினால் நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். விலங்கு ஓடி மறைந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இந்தக் கூட்டுத்தொகையில் துப்பாக்கியின் பங்கைக் குறைப்பது விலங்கின் வதையைக் குறைப்பது. குறைந்த வருமானக்காரர் வாங்கும் துப்பாக்கியும் நேராகச் சுட வேண்டும் என்பதை நான் ஒரு தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் பார்க்காததற்கு இதுவே காரணம்.

1948: உருண்டைத் தண்டிலிருந்து

ஜெர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசரும் 1936இல் வந்த வின்செஸ்டர் 70உம் தம் காலத்தின் சிறந்த ஆக்கங்கள். அவற்றின் ரிசீவர், அதாவது குழலும், தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் சந்திக்கும் நடுவுடல், அடித்து உருவாக்கிய எஃகுத் துண்டிலிருந்து பல கட்டங்களில் செதுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு பிடிமானம், வேறு இயந்திரம்.

1948இல் ரெமிங்டன் ஆலை 721, 722 என்ற இரு மாடல்களைக் கொண்டுவந்தது. அவற்றின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு மைக் வாக்கர் என்ற பொறியாளருடையது. விலையைக் குறைப்பதே ஆலையின் நோக்கம். ரிசீவரை உருண்டைத் தண்டிலிருந்து கடைந்தார்கள். பின்னுதைப்பைத் தாங்கும் முட்டு, மவுசரில் நடுவுடலோடு ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கும். இங்கே அது குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே இறுக்கப்பட்ட தனித் தகடு. பழைய ரசனை உள்ளவர்களுக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. ஆனால் கடைசல் இயந்திரத்தில் உருளும் பொருளுக்கு ஒரே அச்சு. போல்ட் ஓடும் துளை, குழலின் திருகுபுரி, ரிசீவரின் வெளிச்சுற்று மூன்றும் அந்த அச்சையொட்டியே அமைய, தோட்டா குழலுக்கு நேராக நின்றது. உருண்டை வடிவம் கட்டையில் சீராகப் பொருத்தவும் எளிது.

வாக்கர் தாமே மேசைமேல் வைத்துச் சுடும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ போட்டிகளில் ஈடுபட்டவர். 1950இல் 722க்காக வந்த .222 ரெமிங்டன் தோட்டா அவர் ஆக்கம். அது அப்போட்டிகளில் நெடுங்காலம் கோலோச்சியது. ஆலையின் கணக்கு மலிவைத் தேடியது, வாக்கரின் ஆர்வம் துல்லியத்தைத் தேடியது. இரண்டும் ஒரே வரைபடத்தில் நிறைவேறின. அதே நடுவுடல் 1962இல் மெருகேறி மாடல் 700 ஆனது. 1966இல் அமெரிக்க மரைன் படை தன் குறிவீரர்களுக்காக ஏற்ற எம்40 ரைஃபிளுக்கும் அதுவே அடிப்படை.

குழலுக்குள் புரி

குண்டைச் சுழலவைக்கும் புரிப்பள்ளங்களை முன்பு ஒற்றைக் கொக்கி உளியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினார்கள். ஒரு குழலுக்கு உளி நூற்றுக்கணக்கான முறை உள்ளே போய் வர வேண்டும். உளியின் கூரும் தொழிலாளியின் பொறுமையும் தளர்ந்தால் பள்ளத்தின் ஆழம் மாறும். ரெமிங்டனில் வாக்கர் வளர்த்தெடுத்த முறையில், புரியின் எதிர்வடிவம் கொண்ட கார்பைடுக் குமிழ் ஒரே இழுப்பில் குழலுக்குள் ஓடி எஃகை நெருக்கிப் பள்ளங்களைப் பதிக்கிறது. நிமிடங்களில் முடிகிற வேலை, உட்சுவரும் வழுவழுப்பாகிறது.

இரண்டாவது முறை ஜெர்மனியில் 1930களின் இறுதியில் படைத்தேவைக்காக உருவானது. குட்டையான, தடித்த, துளையிட்ட எஃகுக்குள் புரியின் எதிர்வடிவத் தண்டைச் செருகி, சுற்றிலும் சம்மட்டிகள் அடிக்க, எஃகு நீண்டு மெலிந்து குழலாகிறது. இயந்திரத்தின் விலை பெரிது. குழல் ஒன்றுக்கு ஆகும் செலவு சொற்பம். போருக்குப் பின் ஆஸ்திரியாவின் ஸ்டையர் நகரிலிருந்து இந்த இயந்திரங்கள் உலகெங்கும் போயின.

சாவேஜ் ஆலையின் நட்டு

மனிதக் கையை விலக்கியதற்கு மிகத் தெளிவான சான்று, நிக்கலஸ் பிரூவர் வடிவமைத்து 1958இல் வெளிவந்த சாவேஜ் 110. குழலை ரிசீவரில் முடுக்கும்போது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் இடையே சரியான இடம் விட வேண்டும். கூடினால் ஆபத்து, குறைந்தால் போல்ட் மூடாது. மற்ற ஆலைகளில் திறமையான தொழிலாளி குழலின் தோளைச் சிறிது சிறிதாகக் கடைந்தோ அறையைச் சிறிது சிறிதாகக் குடைந்தோ இதைச் சரிசெய்தார். பிரூவர் அந்தத் தோளையே எடுத்துவிட்டார். அளவுத் தோட்டா ஒன்றை அறையில் வைத்து, போல்ட்டை மூடி, குழலை அதில் முட்டும்வரை திருகி, ஒரு நட்டால் இறுக்கினால் வேலை முடிந்தது. போல்ட்டின் தலையும் தனித் துண்டு. அதற்குக் கொடுத்த சிறு நெகிழ்வால், பூட்டுப் பற்கள் இரண்டும் தாமாகவே சமமாகப் பதிந்தன. கம்மியர் பசை தடவித் தேய்த்துப் பெறும் பொருத்தம், ஒரு மலிவுத் துண்டின் இயல்பாகவே வந்துவிட்டது.

நட்டு வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அழகில்லை என்று இந்த ரைஃபிளைப் பல ஆண்டுகள் இளக்காரம் செய்தவர்கள் அதன் இலக்குத் தாள்களையும் பார்த்திருக்கலாம். 1988இல் அந்த ஆலை திவால் நிலைக்குப் போனபோது, புதிய தலைவர் ரான் கோபர்ன் ஏறக்குறைய எல்லாவற்றையும் கைவிட்டு 110ஐ மையமாக வைத்தே அதை மீட்டார்.

1964இன் கசப்பு

வின்செஸ்டர் 1964இல் மாடல் 70ஐ மலிவாக்கியது. மரக்கட்டையில் கையால் கீறிய கட்ட வேலைப்பாட்டுக்குப் பதில் அழுத்திப் பதித்த அச்சு. தோட்டாவைப் பற்றி இழுக்கும் மவுசர் வகைக் கொக்கி நீங்கியது. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். ‘1964க்கு முந்தையது’ என்ற அடைமொழி இன்றும் விலையை ஏற்றுகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கைவினை போனது உண்மையான இழப்பு. ஆனால் புதிய 70இன் சம்மட்டி அடித்த குழலும் அந்த இடைவெளியும் துல்லியத்துக்குக் கேடு செய்யவில்லை. மழையில் ஊதும் மரம் குழலைத் தொடாதிருப்பது நல்லதுதான். அழகும் துல்லியமும் தனித்தனிச் செலவுகள் என்பது அங்கே வெளிப்பட்டது.

மூன்றாண்டு கழித்து, 1967இல், ரெமிங்டனின் 788 அதை இன்னும் உரக்கச் சொன்னது. சாதாரண மரம், அலங்காரமற்ற உடல், போல்ட்டின் பின்பக்கம் ஒன்பது பூட்டுப் பற்கள். அதே ஆலையின் விலையுயர்ந்த 700ஐவிட நன்றாகச் சுட்டதால்தான் 1983இல் நிறுத்திவிட்டார்கள் என்று வேட்டைக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு. அதை ஆலையின் உள்நோக்கத்துக்குச் சான்றாகக் கொள்ள மாட்டேன். மலிவுத் துப்பாக்கிமேல் பிறந்த நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

விசையும் பிளாஸ்டிக்கும்

அடுத்து நின்ற தடை பொறியியலைச் சேர்ந்ததல்ல. விபத்து வழக்குகளுக்கு அஞ்சி ஆலைகள் விசையைக் கனமாக்கின. கனத்த விசையை இழுக்கும்போது துப்பாக்கியே நகரும். குழல் எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை. 2002–03இல் சாவேஜ் ‘அக்யூடிரிகர்’ என்ற விசையைக் கொண்டுவந்தது. விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று. விரல் அதை முழுக்க அழுத்தாமல், அதிர்ச்சியால் உள்ளமைப்பு நழுவினாலும், தகடு தடுத்து நிறுத்தும். இந்தக் காப்பு இருந்ததால் விசையை இலகுவாக்கும் பொறுப்பை வாங்கியவரிடமே விட முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் போட்டி ஆலைகளும் தத்தம் வழியில் பின்தொடர்ந்தன.

2003இல் பின்லாந்தின் டிக்கா டி3, 2010இல் சாவேஜின் எட்ஜ் (பின்னர் ஆக்சிஸ்), 2012இல் ரூகர் அமெரிக்கன் என்று மலிவு ரைஃபிள்களின் வரிசை நீள்கிறது. ரூகர் அமெரிக்கனின் தொடக்க அறிவிப்பு விலை 449 டாலர். சம்மட்டிக் குழல், இலகு விசை, பிளாஸ்டிக் கட்டைக்குள் பதித்த துருவேறா எஃகுத் தாங்கிகள். ஈரத்துக்கு ஊதும் மரமும் இல்லை, அதைச் சுரண்டும் கம்மியரும் தேவையில்லை. தோட்டாவும் இதற்குள் மாறியிருந்தது. 1977இல் ஃபெடரல் தோட்டா ஆலை தன் பிரீமியம் வரிசையில் நோஸ்லர், சியரா நிறுவனங்களின் குண்டுகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. வீட்டில் தாமே தோட்டா நிரப்புவோருக்கு மட்டும் கிடைத்த தரம் கடைக்கு வந்தது.

உத்தரவாதத்தின் கணக்கு

இன்று பல ஆலைகள் ஒரு நிமிடக் கோணத்துக்குள் சுடும் என்று உறுதி தருகின்றன. பெரும்பாலும் அது மூன்று குண்டுகளின் கொத்து. குண்டுகள் கூடக்கூடக் கொத்து விரியும் என்பது நிகழ்தகவின் விதி. சராசரியாக மூன்று குண்டில் ஒரு அங்குலம் காட்டும் அதே துப்பாக்கி, ஐந்து குண்டில் ஏறத்தாழ 1.27, பத்து குண்டில் 1.58 அங்குலம் காட்டும். தவிர, மூன்று குண்டுக் கொத்துகள் ஒன்றுக்கொன்று வெகுவாக ஏறி இறங்கும்; சராசரி 1.25 அங்குலம் உள்ள துப்பாக்கியும் அவ்வப்போது 0.8 தரும். அந்த ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏமாறுவது எளிது.

அதற்காக மூன்று குண்டு அளவை மோசடி என்று தள்ளவும் முடியாது. வேட்டை ரைஃபிளின் குழல் சுமப்பதற்காக மெலிதாக்கப்பட்டது. தொடர்ந்து பத்து சுட்டால் சூடேறும், உலோகத்தில் உள்ளிறுக்கம் இருந்தால் குறி நகரும். காட்டில் யாரும் பத்து சுடுவதில்லை. அங்கே முடிவு செய்வது குளிர்ந்த குழலின் முதல் குண்டு. ஒரே தாளை எடுத்துவைத்து, பத்து வெவ்வேறு நாட்களில், நாளுக்கு ஒரு முதல் குண்டு மட்டும் அதில் சுட்டால், பத்துத் துளைகளும் சேர்ந்து தரும் கொத்துதான் மானை நோக்கி நிற்பவருக்கு உண்மையான அளவு.